மூன்றாம் முறையும் வந்தவர்

வாழைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓடும் மேற்கு வரப்பில், கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, உதடுகள் முணுமுணுக்க, சீராக எட்டு வைத்து ஒருவர் நடந்துகொண்டிருந்தார். மூலைத் தென்னைக்கு வந்ததும் நின்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எதையோ எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று ஒரு வாழை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உடம்பை ஒரு வாழை மரம் மறைத்துவிடும் என்று நான் நம்பிய கடைசி நாள் அது. அவர் பார்க்காததுபோலப் பாவனை செய்து, மறுபடி எண்ணிக்கொண்டு நடந்தார். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல நடப்பவனை எங்கள் பக்கத்தில் நல்லவன் என்று சொல்வதில்லை.

மோகனூருக்கு அருகில் இருக்கும் அந்தத் தோட்டம் என் அக்காவுடையது. ரசாயன உரம் இல்லை, சாணத்திலிருந்து எரிவாயு, மண் கற்களால் கட்டிய மூன்று அறைகள், வருகிறவர்களுக்குத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டு சாப்பாடு. இப்போதெல்லாம் இதுபோலத் தங்கும் தோட்டம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அக்காவைத் தேடி வருகிறார்கள். 'வந்தவங்க எப்படித் திரும்பவும் வர்றாங்க?' என்று கேட்கிறார்கள். அக்கா என்னைக் கைகாட்டுவாள், நான் நூலகன், நாலு புத்தகம் படித்தவன் என்பதால். நான் நல்ல காற்று, நஞ்சில்லாத சோறு, மண்ணோடு உறவு என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லுவேன். அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வரப்பும், அந்தக் குடையும் கண்முன் வந்து நிற்கும். உண்மையான பதிலைச் சொன்னால் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அக்கா அறைகளைத் திறந்த முதல் இரண்டு வருடங்களில் வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். மாடு முட்டுமா என்று கேட்டார்கள். மண்வெட்டியை வீணை போலப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ராகிக் களியை மருந்து மாதிரிக் கண்ணை மூடி விழுங்கி 'அருமை' என்றார்கள், மறுநாள் மத்தியானம் நாமக்கல்லுக்குப் போய் ரகசியமாக பிரியாணி சாப்பிட்டு வந்தார்கள். கிளம்பும்போது இங்கேதான் தங்கள் ஆத்மாவைக் கண்டுபிடித்ததாகப் பதிவேட்டில் எழுதினார்கள். அடுத்த விடுமுறைக்கு அதே ஆத்மாவை ஊட்டியில் கண்டுபிடித்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் மச்சான், தினமும் சாயங்காலம் வந்ததும் காலியாகக் கிடக்கும் மூன்று அறைகளையும் ஒரு பார்வை பார்ப்பார். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

"வர்ற ஆடி முடியற வரைக்கும் பாப்பேன். போன ஆளு திரும்பி வரலீன்னா மூணு ரூமுலயும் கோழிய உட்டுருவேன். கோழின்னா திரும்பி வருமா வராதான்னு ரோசனையே வேண்டியதில்ல."

எங்கள் மாவட்டத்தில் காலியான கட்டிடம் எதுவாக இருந்தாலும் அதற்குள் கடைசியில் கோழி போய்விடும் என்பது விதி. அக்காவுக்கு அது தெரியும். அவள் கோழிக்கு எதிரி இல்லை. ஆனால் அந்த அறைகளின் சுவரை அவளே நின்று மண் குழைத்து எழுப்பியிருந்தாள். அந்தத் தோட்டத்தில் அவள் கேட்டு நடந்த ஒரே காரியம் அந்த மூன்று அறைகள்தான்.

இந்த நேரத்தில்தான் அந்தக் குடைக்காரர் இரண்டாம் முறை வந்தார். சென்னையிலிருந்து, தனியாக, பஸ்ஸில். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, சலவைச் சட்டை போட்ட மனிதர். மூன்றாம் எண் அறை. அக்கா அன்றைக்கு எனக்குப் போன் செய்தபோது அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அடுத்த மாதம் அவர் மூன்றாம் முறை வந்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"தம்பி, நீ ஒருக்கா வந்துட்டுப் போ. அந்தாளு மறுக்காவும் வந்துருக்கறான்."

"நல்லதுதானேக்கா? திரும்பி வரணும்னுதானே வேண்டிக்கிட்டே?"

"ஒருக்கா வந்தா ஆசை. ரெண்டு தடவ வந்தா பழக்கம். மூணாந் தடவயும் ஒருத்தன் அடுத்தவன் தோட்டத்துக்கு வந்தான்னா என்ன அர்த்தம்? வெடியக்காலயும் வரப்ப எட்டு வெச்சு அளக்கறான், பொழுது சாயயிலயும் அளக்கறான்."

அக்காவின் கணக்கில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தமில்லாத ஒருவன் மூன்று முறை ஒரு தோட்டத்துக்கு வந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, பெண் கேட்க வந்திருக்கிறான். அல்லது நிலம் கேட்க வந்திருக்கிறான். அக்காவுக்குப் பெண் இல்லை. கிழக்குப் பக்கத்துத் துண்டை மச்சானின் தம்பி போன வருடம்தான் விற்றிருந்தார். அங்கே இப்போது கரும்புக்குப் பதில் வெள்ளையடித்த மனைக் கற்கள் வரிசையாக முளைத்திருந்தன. மச்சான் நல்ல மனிதர். ஆனால் ஒரு நல்ல விலைக்கு முன்னால் அவர் நல்லவராக நின்று யாரும் பார்த்ததில்லை. ஆகவே அக்காவின் நிலைமை விசித்திரமானது. அறைகள் பிழைக்க வேண்டுமானால் ஒருவராவது திரும்பி வர வேண்டும். திரும்பி வந்த ஒரே ஒருவர், அறைகளோடு தோட்டத்தையும் சேர்த்துக் கேட்க வந்தவராகத் தெரிந்தார். விரட்டினால் கோழி. விட்டால் மனைக்கல்.

அந்தத் தடவை அவர் மூன்று வாரம் தங்கினார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பி, நாமக்கல்லில் பஸ் மாறி, ஒற்றன் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தடிமனான புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரங்களாக நான் பக்கம் திருப்பவே இல்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார், பிற்பாடு சொன்னார். ஒற்றன் வேலைக்கு நான் தேவையே இல்லை என்பதும் போகப் போகப் புரிந்தது. அங்கே ஏற்கெனவே எல்லோரும் ஒற்றர்கள்தான். களை வெட்ட வரும் பெண்களுக்கெல்லாம் தலைவியாக ஒரு அம்மாள் உண்டு. களைக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். மஞ்சள் போட்ட காட்டில் குனிந்த முதுகோடு இருந்துகொண்டே கால் மைல் தூரத்தில் நடப்பதைப் பார்க்கக்கூடியவர். சென்னைக்காரருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர் வைத்ததும் அந்த அம்மாள்தான். மத்தியானச் சோற்று நேரத்தில் அக்காவிடம் அறிக்கை வந்துவிடும். அளவுக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பம்ப் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டார். மண்ணை எடுத்து மோந்தார். வடக்கு மூலையில் வெகுநேரம் நின்றார். காலையில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டார், அதுவும் இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டார், ஏன்?

களைக்காரம்மா ஜாடையாகக் கேட்கும் பழக்கம் உள்ளவர் அல்ல. வரப்பில் மடக்கி நிறுத்திவிடுவார்.

"ஏனுங்க, மெட்ராசுல உங்குளுக்கு ஊடு வாசல் இல்லீங்களா? மாசமானா இங்க வந்து நிக்கறீங்க?"

"இருக்கும்மா."

"இருந்தா எதுக்குங்க இங்க வந்து எட்டு எட்டா வெக்கறீங்க?"

"சும்மா ஒரு கணக்குதான்."

"கணக்குன்னா? எத்தன செண்டு வருதுங்க உங்க கணக்குல?"

அவர் சிரித்துவிட்டு, பதில் சொல்லாமல், குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். பதில் சொல்லாமல் போனதும் அறிக்கையில் சேரும்.

ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். படித்த மனிதன் செய்யும் காரியமா இது என்று கேட்கலாம். படித்த மனிதன்தான் நோட்டைக் கண்டால் திறப்பான். உள்ளே சர்வே எண், நீள அகலம், விலை, புரோக்கர் பேர் எதுவும் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் கீழே இப்படி இருந்தது: 'வரப்பில் ஏன் நின்றேன் என்று கேட்டார்கள். கிணற்றில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். இட்லியை ஏன் மீதம் வைத்தேன் என்று இருவர் கேட்டனர். நேற்று இருமினேனாம், ஏன் என்று கேட்டார்கள்.' ஒவ்வொரு நாளுக்கும் அடியில் ஓர் எண் போட்டு வட்டமிட்டிருந்தது. ஒன்பது. பதினொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு. நாங்கள் அவரை வேவு பார்ப்பதை அவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் மதகில் அவரை நேரடியாகக் கேட்டுவிட்டேன். நோட்டைப் பார்த்ததையும் சொன்னேன். நான் வீரன் இல்லை, வயிற்றில் எதுவும் தங்காது, அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை. மதகில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருடம். ஏழாவது மாடியில் வீடு. மகன் வெளிநாட்டில். 'சாப்பிட்டீங்களாப்பா' என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவான். தினமும் இத்தனை அடி நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. முதல் தடவை வந்தபோது அதைத்தான் வரப்பில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"எண்ணிட்டு நிமிர்ந்தா அந்தம்மா களைவெட்டை நிறுத்திட்டு என்னையே பாத்துட்டிருக்காங்க சார். அங்க லிஃப்டுல என்னோட தினம் எட்டுப் பேர் வர்றாங்க. காய்ச்சல்ல நாலு நாள் நான் கதவே திறக்கலை, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. இங்க நான் ஒரு இட்லி கம்மியா தின்னா ஊரே கூடுது. அடுத்த தடவை வேணும்னே கிணத்தை எட்டிப் பாத்தேன்."

"அதுக்காகவா இவ்வளவு தூரம் வர்றீங்க?"

"வேற எதுக்கு? காத்துக்கா?" என்றார். பிறகு என் முழங்கையை லேசாகத் தொட்டு, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சுட்டா கேக்க மாட்டாங்க" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. அக்கா சரியாகச் சாப்பிடாமல் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மச்சானிடம் அந்த ஆள் எதையாவது பேசியிருப்பானோ, பேசி முடித்தே விட்டார்களோ என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்தவன் அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கும் ஆசைதான். அக்கா கேட்டுவிட்டு, தட்டில் கோடு போடுவதை நிறுத்தினாள். "அட பாவமே" என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் மஞ்சள் காடு முழுக்க 'அட பாவமே' பரவிவிட்டது.

அடுத்த மாதம் அவர் வந்தபோது நானும் போயிருந்தேன். என் வாழ்நாளில் பார்த்த மோசமான விருந்தோம்பல் அதுதான், ஏனென்றால் குறை சொல்ல எதுவுமே இல்லை. அக்கா இட்லிக்கு நெய் ஊற்றினாள். அவர் ஒன்றோடு எழுந்தார். "உங்க இஷ்டம்ங்க" என்று சிரித்தாள். வரப்பில் அவர் எட்டு வைத்து வந்தபோது பெண்கள் ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டார்கள். மூலைத் தென்னையில் நின்று நோட்டை எடுத்தார். ஒருவரும் நிமிரவில்லை. கிணற்றுக்குப் போய் இடுப்பு வரை குனிந்து எட்டிப் பார்த்தார். "பாத்துங்க, வழுக்கும்" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் மோகனூர் கடைவீதிக்குப் போய் ஒரு அளவு நாடாவே வாங்கி வந்துவிட்டார். நிஜமான நாடா, இரும்பில் சுருட்டி வைத்தது. அதை வடக்கு வரப்பில் சரசரவென்று இழுத்து, கல் வைத்து அமுக்கி, எழுந்து, கும்பிடுவதுபோல எல்லாத் திசையும் பார்த்தார்.

"பொழுது போகோணுமில்ல, பாவம்" என்றார் களைக்காரம்மா பக்கத்தில் இருந்தவரிடம், தலையைத் தூக்காமலே.

அவர் நாடாவைச் சுருட்டினார். ஒருநாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். கேட்டருகில் நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். "சொல்லிட்டீங்க" என்றார். கேள்வி இல்லை. நான் பையை நீட்டினேன்; வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்கு அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஆடி பிறந்தது. மச்சான் பட்டறையிலிருந்து ஓர் ஆளை அழைத்துவந்து, மூன்றாம் எண் அறையில் எத்தனை கூண்டு போகும் என்று பார்க்கச் சொன்னார். அந்த ஆள் கதவருகில் நின்று ஜன்னலை எங்கே அடைப்பது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா அடுப்படியில் ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதையும், நான் சொன்னதால்தான் அவர் வராமல் போனதையும் சொன்னேன்.

அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "ஏண்டா, தெரிஞ்சதையெல்லாம் கொண்டாந்து கொட்டறதுக்கு நான் என்ன குப்பைமேடா? தெரியாம இருந்திருந்தா நாம்பாட்டுக்கு அந்தாள வஞ்சுட்டுக் கெடந்திருப்பேன். அந்தாளும் வந்துட்டுக் கெடந்திருப்பான்."

"இப்ப ஒண்ணும் கெட்டுடலை. போன் பண்ணு. பழையபடி கேளு."

"என்னத்தக் கேக்க? ஊருக்கே தெரியும், அவனொரு அப்புராணி. இல்லாத சந்தேகத்த நான் எங்க போய் வாங்கியாருவேன்?"

நியாயமான கேள்வி. அன்பை நடிக்கலாம், உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. சந்தேகத்தை நடிக்க முடியாது. ஆனாலும் நலம் விசாரிக்கலாமே என்று போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். நல்லா இருக்கீங்களா, உடம்பு எப்படி, சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டாள். அவரும் நல்லா இருக்கேம்மா, பரவாயில்லம்மா என்றார். இரண்டு பேரும் சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா வைத்துவிடப் போனாள். அப்போது அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது.

அக்காவின் கை நின்றது.

"அதென்னுங்க சத்தம்?"

"எது?"

"சேவல் கூவுச்சே. மெட்ராசுல ஏதுங்க சேவல்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பக்கத்துல யாரோ வளக்கறாங்கம்மா."

"ஏழாவது மாடியிலயா?"

அக்காவின் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கு விடைத்தது. "ஏனுங்க, வேற எங்கயோ தோட்டம் புடிச்சுட்டீங்களாட்ட இருக்குது? ஏற்காட்டுப் பக்கமா? அங்க என்ன, தங்கத்துல களி கிண்டிப் போடறாங்களா? நாலு தடவ எஞ்சோத்தத் தின்னுபோட்டு இப்பச் சொல்லாமக் கொள்ளாம அக்கட்ட போயிட்டா எப்பிடிங்க?"

ஒரு மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் குரலில், "அதெல்லாம் போன்ல சொல்றதுக்கில்லம்மா" என்றார். "வெள்ளிக்கிழமை ரூம் இருக்குமா?"

"இருக்குது. வாங்க. வந்து பேசிக்கலாம்."

அது அழைப்பா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அக்கா நேராக மஞ்சள் காட்டுக்குப் போனாள். அந்தச் சேவல் நிஜமான சேவலா, யார் வீட்டுத் தொலைக்காட்சியிலாவது கூவியதா, அல்லது அந்த மனிதர் உண்மையிலேயே வேறு எங்கோ ஒரு தோட்டத்தில் தங்கி, வேறு யாரோ ஒரு அம்மாளின் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கேட்டுக்குள் நுழைந்தபோது, மஞ்சள் காட்டில் ஆறு முதுகுகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

அன்று மத்தியானம் அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "நீ அன்னிக்குச் சொன்னியே, தனியாளு, வேற நெனப்பு இல்லைன்னு. அது நெசந்தானா? இல்ல, உன்னை நம்ப வெச்சுட்டானா?"

முப்பது வருடம் புத்தகங்களுக்கு நடுவே இருந்து நான் கற்காததை அந்த ஒரு நிமிடத்தில் கற்றேன். "அவர் சொன்னதைச் சொன்னேன்க்கா. நெசமான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

மூன்று அறைகளிலும் கோழி நுழையவில்லை. அந்த ஒருவருக்குப் பிறகு அக்கா வருகிறவர்களையெல்லாம் அதே கண்ணால் பார்க்கவும் கேட்கவும் தொடங்கிவிட்டாள். எங்கே போனீர்கள், ஏன் சிரிக்கவில்லை, ஏன் தனியாக வந்தீர்கள், போன தடவை கூட வந்தவர் எங்கே. பாதிப் பேர் அன்றைக்கே ஓடிவிடுகிறார்கள். மீதிப் பாதி மறுபடி வருகிறார்கள். வருகிறவர்கள் காற்று நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். தோட்டம் வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை நானும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அளவுக்காரர் இன்றைக்கும் மாதம் தவறுவதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது குடைக்குப் பதில் கைத்தடி இருந்தது. முன்பெல்லாம் மூலைத் தென்னை வரைக்கும் போவார். இப்போது பாதி வழியில், பம்ப் அறையருகில் நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, எழுதுவதற்காகவே நின்றதுபோல நோட்டை எடுத்து எழுதி, திரும்பிவிடுகிறார். அவர் இதயத்தில் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சீட்டு அவர் பையில் இருந்தது. என் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

களைக்காரம்மா களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு அக்காவின் பக்கம் சாய்ந்தார். "பாத்தீங்களா அம்மிணி? முந்தியெல்லாம் மூல வரைக்கும் அளப்பான். இப்பப் பம்ப் ரூமோட திரும்பீர்றான். பாதி எடம் போதும்னு எறங்கி வந்துட்டானாட்ட இருக்குது."

அக்கா கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இருக்கும்" என்றேன் நான்.